பார்க்காத கதைக்கு எத்தனையாவது இடம்?

“டாக்டர் ஹூ பார்க்கணும்டா. பழசுலேருந்தே ஆரம்பிக்கிறேன். அஞ்சு கதை சொல்லு, வரிசையா” என்று நண்பன் கேட்டான். பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. நான்கு இடங்கள் அன்றிரவே நிரம்பிவிட்டன. முதலிடம்தான் சிக்கல். அங்கே நான் எழுதி வைத்திருந்த கதையை நான் பார்த்ததே இல்லை. இனி யாராலும் பார்க்க முடியுமா என்பதும் சந்தேகம்.

பழசு என்று நான் எடுத்துக்கொண்டது வில்லியம் ஹார்ட்னல் டாக்டராக நடித்த 1963 முதல் 1966 வரையிலான ஆண்டுகளை. முதல் எபிசோட் 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை ஒளிபரப்பானது. கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள். அடுத்த வாரம் அதே எபிசோடை இன்னொரு முறை போட்டுவிட்டுத்தான் இரண்டாவதைக் காட்டினார்கள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அப்போது 27 வயது. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், வயது 24. ஆண்கள் நிறைந்த பிபிசியில் இந்த இரண்டு பேரை நம்பி ஒரு தொடரை ஒப்படைத்தார்கள் என்பதே எனக்கு ஒரு அறிவியல் புனைவு மாதிரிதான் இருக்கிறது.

25 நிமிட எபிசோடை ஏறக்குறைய மேடை நாடகம் போல ஒரே ஓட்டத்தில் பதிவு செய்வார்கள். டேப்பை வெட்டி ஒட்டுவது செலவு. அதனால் ஹார்ட்னல் வசனத்தில் தடுமாறினாலும் அப்படியே போகும். கதவு சரியாக மூடவில்லையா, போகட்டும். இதைச் சகித்துக்கொள்ளப் பழகியவர்களுக்கு மட்டும்தான் இந்தப் பட்டியல்.

ஐந்தாவது இடம்: தி எட்ஜ் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன். இரண்டே எபிசோட். டார்டிஸ் என்கிற காலக்கப்பலுக்குள் நான்கு பேர், வேறு யாரும் கிடையாது. கப்பலில் ஏதோ கோளாறு. டாக்டர் உடனே கூட வந்திருக்கும் பள்ளி ஆசிரியர்கள் இயனையும் பார்பராவையும் சந்தேகப்படுகிறார்: நீங்கள்தான் எதையோ கெடுத்துவிட்டீர்கள் என்கிறார். கப்பலோ தன்னால் முடிந்த வழியிலெல்லாம் எச்சரித்துக்கொண்டிருக்கிறது. கடிகார முகங்கள் உருகுகின்றன. அந்தச் சமிக்ஞைகளை ஒன்றுசேர்த்துப் புரிந்துகொள்வது பார்பரா. கடைசியில் காரணம் என்ன தெரியுமா? ஒரு சுவிட்சின் ஸ்பிரிங் மாட்டிக்கொண்டது. அவ்வளவுதான். நள்ளிரவில் புரொடக்‌ஷன் சர்வர் விழுந்து, பெரியவர்கள் சின்னவர்கள்மேல் பழிபோட்டு, விடியும்போது ஒரு அற்பக் காரணம் கிடைத்த அனுபவம் உள்ள எவருக்கும் இது பேய்க்கதை. முடிவில் டாக்டர் பார்பராவிடம் வந்து சமாதானம் பேசுகிறார். நிஜத்தில் அது மட்டும்தான் நடப்பதில்லை.

நான்காவது: தி டைம் மெட்லர், 1965. வருடம் 1066, வடக்கு இங்கிலாந்துக் கடற்கரை. மடத்திலிருந்து துறவிகள் பாடும் குரல் கேட்கிறது. திடீரென்று குரல் இழுபடுகிறது. உள்ளே ஓடுவது கிராமஃபோன்! டாக்டரின் ஊர்க்காரர் இன்னொருவர், சொந்தமாக டார்டிஸ் வைத்திருப்பவர், துறவி வேடத்தில் வந்திருக்கிறார். வைக்கிங் கப்பல்களைக் கரையேறும் முன்பே அழித்துவிட்டால், களைக்காத படையோடு ஹரால்ட் அரசர் ஹேஸ்டிங்ஸ் போரை வென்றுவிடுவார் என்பது கணக்கு. அதற்கு வரிசையாக வேலைப்பட்டியல் போட்டு, முடிந்ததை டிக் செய்துகொண்டு வருகிறார். கெட்டவர் இல்லை. வரலாற்றை ‘இம்ப்ரூவ்’ செய்ய வந்தவர். அதுதான் பயம்.

மூன்றாவது: தி டென்த் பிளானட், 1966 அக்டோபர். தென் துருவத் தளம், துணி முகத்தோடு வரும் முதல் சைபர்மேன்கள். ஹார்ட்னலுக்கு உடம்பு முடியவில்லை. மூன்றாவது எபிசோடில் அவர் இல்லவே இல்லை. நான்காவதன் முடிவில் டாக்டர் தரையில் விழுகிறார், முகம் ஒளியில் கரைந்து வேறொருவராக எழுகிறார். இந்தத் தொடர் 60 ஆண்டுகளைத் தாண்டி ஓடியதற்குக் காரணம் அந்தச் சில நொடிகள். அந்த நான்காவது எபிசோட் இன்று இல்லை. சிறுவர் நிகழ்ச்சியான ப்ளூ பீட்டர் அந்தத் துண்டை எடுத்துப் பயன்படுத்தியதால் முகம் மாறும் காட்சி மட்டும் தப்பியது.

இங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. 1960-களின் எபிசோட்களில் 90-க்கும் மேற்பட்டவை காணாமல் போனவை. வீடியோ டேப் விலை அதிகம், அழித்துவிட்டு அடுத்த நிகழ்ச்சியைப் பதிவார்கள். வெளிநாடுகளுக்கு விற்க எடுத்த ஃபிலிம் பிரதிகளும், விற்பனைக் காலம் முடிந்ததும் குப்பைக்குப் போயின. 1978 வாக்கில்தான் இது நின்றது. படம் போனாலும் ஒலி போகவில்லை. வீட்டில் டேப் ரெக்கார்டரை டிவி பக்கத்தில் வைத்துப் பதிந்த சில ரசிகர்களால் தொலைந்த எல்லா எபிசோட்களின் ஒலியும் இன்று இருக்கிறது.

என் முதலிடத்தில் இருந்த தி மாசக்கர் அப்படி ஒலியாக மட்டும் மிஞ்சிய கதை. 1966 பிப்ரவரி, நான்கு எபிசோட். கதை நடப்பது 1572-ன் பாரிஸ், ஹூகனோட்கள் கொல்லப்பட்ட அந்த ஆகஸ்ட். டாக்டரின் தோழன் ஸ்டீவன், ஆன் என்ற பணிப்பெண்ணைக் காப்பாற்றத் துடிக்கிறான். என்ன தேதி என்று தெரிந்ததும் டாக்டர் அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, ஸ்டீவனை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அவன் கோபித்துக்கொண்டு இறங்கிப் போகிறான். காலியான கப்பலில் கிழவர் தனியாகப் பேசுகிறார், விட்டுப்போன ஒவ்வொருவரையும் நினைத்து. இரவில் ஹெட்ஃபோனில் அதைக் கேட்டு அழுதிருக்கிறேன், சத்தியமாக.

“பார்க்காத படத்துக்கு எப்படிடா ஃபர்ஸ்ட் ரேங்க் குடுப்ப?” என்றான் நண்பன். கோபம் வந்தது. பதில் வரவில்லை.

பதில் வேறொரு இடத்திலிருந்து வந்தது. முந்தைய ஆண்டு அலுவலகத்தில் ஸ்டோரேஜ் செலவைக் குறைக்கச் சொன்னார்கள். நீண்ட நாள் யாரும் திறக்காத ஃபைல்களை அழிக்கும் ஸ்கிரிப்டை எழுதியவன் நான். ஒரு மூத்த சகா ஓய்வு பெறும்போது, அவர் புதியவர்களுக்கு எடுத்த வகுப்புகளின் பழைய பதிவைத் தேடினார்கள். நானும் அவரிடம் படித்தவன்தான். பதிவு இல்லை. எங்கே போனது என்று எனக்கு மட்டும் தெரியும். பிபிசியைத் திட்டித் தீர்த்த வாயால் இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. பட்டியல் நின்றுபோயிருந்த அந்த மூன்றாவது வாரம் அவருக்கு போன் போட்டுச் சொன்னேன். சிரித்தார். “அதுல பாதி நான் தப்பாத்தான் சொல்லியிருப்பேன். விடுப்பா.”

மன்னிப்புக்காக அவர் சொன்னது எனக்கு விமர்சனமாகக் கேட்டது. அந்த வகுப்புகளில் அவர் தடுமாறியது, பாதியில் மறந்தது எதுவும் என் நினைவில் இல்லை. அழிந்ததும் அவை அப்பழுக்கில்லாதவையாகிவிட்டன. தி மாசக்கரிலும் அதேதான். ஆடாத செட், சொதப்பாத நடிப்பு, ஸ்டீவன் முகத்தில் ஓடும் ஒவ்வொரு ரேகை, எல்லாம் நான் போட்டது. தொலைந்தது எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். இரண்டாவது டாக்டரின் கதையான தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட் பெரும்பாலும் ஒலியாக இருந்தவரை பெரிதாக யாரும் கொண்டாடவில்லை. 2013-ல் நைஜீரியாவிலிருந்து படம் கிடைத்ததும் மதிப்பு ஏறியது. ஆக, பார்க்காததற்கு நான் தருகிற இடம் என் கற்பனைக்குத் தருகிற இடம். தி மாசக்கரை இரண்டாவதாக இறக்கினேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் இறக்கினேன்.

முதலிடம்: தி ஆஸ்டெக்ஸ், 1964. நான்கு எபிசோடும் இருக்கின்றன, எல்லாக் குறைகளோடும். பின்னணி மலை வரைந்த திரை என்று தெரிகிறது. ஆஸ்டெக்குகளாக வருபவர்கள் மேக்கப் போட்ட வெள்ளைக்கார நடிகர்கள். இன்று பார்க்க உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும்.

இருந்தும் இது முதலிடம். பார்பரா வரலாற்று ஆசிரியை. கல்லறையில் எடுத்த வளையத்தை அணிந்ததால் தெய்வம் என்று நம்பப்படுகிறாள். நரபலியை நிறுத்திவிட்டால் ஸ்பானியர்கள் வரும்போது இந்த நாகரிகம் அழியாது என்று நினைக்கிறாள். டாக்டர் மன்றாடுகிறார், கேட்கவில்லை. பலியைத் தடுக்கிறாள். பலியாக இருந்தவனோ தன் கௌரவம் போய்விட்டதென்று தானே குதித்துச் சாகிறான். உடனே மழை கொட்டுகிறது. அந்த மழையில் ஜாக்குலின் ஹில்லின் முகத்தைப் பாருங்கள். அதை நான் கற்பனை செய்திருக்கவே முடியாது.

கடைசியில் கிரகணத்தன்று பலி நடந்தே தீர்கிறது. அவள் தோற்றுவிட்டாள். அவளை நம்பிய ஆட்லாக் என்ற பூசாரி ஒருவர் மட்டும் பதவியைத் துறந்து உண்மையைத் தேடிப் போகிறார். ஒரு நாகரிகத்தைக் காப்பாற்ற முடியவில்லை, ஒரு மனிதருக்கு உதவினாய் என்று டாக்டர் அவளைத் தேற்றுகிறார். டேப் ரெக்கார்டரோடு டிவி முன் உட்கார்ந்த அந்த ரசிகர்களிடமும் இதைச் சொல்லலாம்.

இன்னொன்று. கமேகா என்ற பெண்மணிக்கு டாக்டர் கோகோ கலந்து கொடுக்கிறார், அங்கே அதற்கு அர்த்தம் திருமண நிச்சயம் என்று தெரியாமல். பிரியும்போது அவள் ஒரு பதக்கம் தருகிறாள். கப்பலில் ஏறும் முன் அதைக் கல்லறையிலேயே வைத்துவிட்டு நடக்கிறார். பிறகு திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறார். வசனம் கிடையாது. ஒலிநாடாவில் அந்த இடம் வெறும் மௌனமாகத்தான் இருக்கும்.

பட்டியலை நண்பனுக்கு அனுப்பினேன். “ரெண்டாவது கதை எங்க கிடைக்கும்?” என்று கேட்டான். “கிடைக்காது. ஹெட்ஃபோன் வச்சுக்க” என்றேன்.