வளர்ற பிள்ளைக்கு அளவாக எடுங்கள்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஜவுளி எடுக்க வருகிற குடும்பங்களைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்தால் ஒரு வாசகம் காதில் விழாமல் போகாது. ஆர்.எம்.கே.வி.யில் பிள்ளைகள் பிரிவில் ஆறு வயதுப் பெண்ணை நிறுத்தி வைத்து, எட்டு வயதுக்கான கவுனை அவள் முதுகில் வைத்து அளந்துகொண்டிருப்பார்கள். தோள் இறங்கித் தொங்கும், கை விரல் நுனி வரை வரும். "வளர்ற பிள்ளைல்லா, ஒரு சைஸ் பெருசாவே போடுங்க" என்று ஆச்சி சொல்லிவிடுவாள். அதற்கு அப்பீல் கிடையாது. பாவாடையில் மடிப்பு வைத்துத் தைத்து, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவதும், பள்ளிக்கூட ஷூவின் முனையில் காகிதம் திணிப்பதும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் வரும். நான் இதற்கு விரோதி இல்லை. மூன்று பிள்ளைகளை ஒற்றைச் சம்பளத்தில் வளர்த்தவர்கள் கண்டுபிடித்த சிக்கனம் அது.

இந்தச் சட்டம் செல்லாத இடம் காரில் பிள்ளை உட்காரும் சீட். அங்கே பெரிதாக எடுப்பது ஆபத்து. பிள்ளை இன்றைக்கு என்ன உயரம், என்ன எடை என்பதற்கு மேல் அந்த சீட்டுக்கு எதுவும் தெரியாது.

பேரன் பிறந்து கொஞ்ச நாளில் வீட்டில் இந்தப் பேச்சு வந்தது. மெல்போர்னில் இருக்கும் மகள்தான் ஆரம்பித்து வைத்தாள். ஆஸ்திரேலியாவில் ஏழு வயது வரை பிள்ளைக்கு ஏற்ற சீட் கட்டாயம். ஆறு மாதத்துக்கு உட்பட்டதைப் பின்நோக்கித்தான் உட்கார வைக்க வேண்டும். "அங்க போலீஸ் பிடிப்பான், இங்க யாரு பிடிக்கா?" என்றான் மகன். பிடிக்க நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 194பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பதினாலு வயது ஆகாத பிள்ளையை பெல்ட்டோ பிள்ளைகளுக்கான சீட்டோ இல்லாமல் காரில் ஏற்றினால் ஓட்டுகிறவருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம். ஹெல்மெட்டுக்கு மறித்து நிறுத்துவதைச் செல்லப்பாண்டியன் சிலைப் பக்கம் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மடியில் பிள்ளையோடு போகிற காரை நிறுத்தி நான் பார்த்ததில்லை. நிறுத்துகிற காவலரின் பிள்ளையும் அப்படி மடியில்தானே ஊர் போய் வந்திருக்கும்.

மடிதான் விஷயமே. எந்தக் கம்பெனி, என்ன விலை என்பதெல்லாம் பிறகு. முதலில் ஆச்சியின் மடியிலிருந்து பிள்ளையை இறக்க வேண்டும்.

"பச்சப் பிள்ளையக் கெட்டிப் போட்டுட்டு நான் பக்கத்துல பாத்துக்கிட்டு இருக்கணுமாங்கும்? அழுதா?" என்றாள் என் வீட்டுக்காரி.

"அழுதா வண்டிய ஓரமா நிப்பாட்டித் தூக்கிக்கிடுங்க அத்தை" என்றாள் மருமகள்.

"எங்க கையவிடவா அந்தப் பிளாஸ்டிக்கு கெட்டி?"

இதற்கு அன்பால் பதில் சொல்ல முடியாது, கணக்கால்தான் முடியும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நிற்பது, இருபது அடிக்கு மேலிருந்து விழுவதற்குச் சமம். மாடி வீட்டு மொட்டை மாடியிலிருந்து தரைக்கு. அறுபதில் போனால் நாலு மாடி. நாற்பதில் போகும் கார் பத்தில் ஒரு நொடிக்குள் நின்றால், பத்து கிலோ பிள்ளை அந்த நொடியில் நூறு கிலோவுக்கு மேல் கனத்து முன்னால் பாயும். எந்தக் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. தாய் பெல்ட் போட்டு, அதற்குள்ளேயே பிள்ளையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டால் இன்னும் மோசம். தாயின் உடம்பு முழுக்கப் பிள்ளை மேல் வந்து அழுத்தும்.

அறுபது, எண்பது என்பதெல்லாம் நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. நாகர்கோவிலுக்கோ மதுரைக்கோ நாலுவழிச் சாலையில் ஏறிவிட்டால் நூறு சர்வசாதாரணம். பின் சீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் 2022 செப்டம்பர் 4 என்று ஒரு நாள் வந்தது. மகாராஷ்டிராவில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தார். பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார். கார் மெர்சிடிஸ். கொஞ்ச நாள் எல்லோரும் பின் சீட் பெல்ட்டைத் தேடி எடுத்தார்கள். சிலர் வீட்டில் அது சீட் கவருக்கு அடியில் போயிருந்தது. பிறகு வழக்கம்போல.

முன் சீட்டில் ஏ.சி. காற்று நன்றாக வரும் என்று பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தாய் உட்கார்ந்து வருவது பைபாஸ் ரோட்டில் தினமும் பார்க்கிற காட்சி. எதிரே டேஷ்போர்டுக்குள் ஏர்பேக் இருக்கிறது. மோதலில் அது கண் இமைக்கிற நேரத்துக்கும் குறைவான நேரத்தில் வெடித்து விரியும். பெரியவர் நெஞ்சைத் தாங்கச் செய்தது அது, குறுக்கே இருக்கும் குழந்தையின் தலைக்கு அது அடிதான். பின்நோக்கிய பேபி சீட்டை ஏர்பேக் உள்ள முன் சீட்டில் வைக்கவே கூடாது என்று சன்வைசரில் படம் போட்டே ஒட்டியிருக்கிறார்கள். யார் படிக்கிறோம்?

பின்நோக்கி என்றதும் வீட்டில் அடுத்த கலகம். "பிள்ளை முகத்தப் பாக்காம எப்பிடி வாறது? காலு மடங்கிக் கெடக்கே, நோவாதா?" இதில் ஆச்சிக்குக் கொஞ்சம் விளக்கமாகவே சொன்னேன். பிறந்த பிள்ளைக்குத் தலை மட்டும் உடம்பின் நீளத்தில் கால்வாசி. பெரியவர்களுக்கு ஏழில், எட்டில் ஒன்று. அந்தக் கனத்த தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் இன்னும் முழுசாக எலும்பாகவில்லை, பாதி குருத்து. முன்நோக்கி உட்கார்ந்திருக்கும்போது வண்டி மோதினால் உடம்பை பெல்ட் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பறக்கும், இழுபடுவது கழுத்து. பின்நோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சேர்த்து சீட்டின் முதுகு வாங்கிக்கொள்ளும். இதை யோசித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்டில் ஆல்ட்மன். 1960-களில் விண்வெளி வீரர்கள் ராக்கெட் கிளம்பும் வேகத்தை முதுகால் தாங்கிப் படுத்திருப்பதைப் பார்த்து, பிள்ளைகளுக்கும் அதுவே சரி என்று முடிவுக்கு வந்தார். அந்த நாட்டில் இன்றும் நாலு வயது வரை பின்நோக்கித்தான். ஆர்129 என்ற ஐ.நா. விதி குறைந்தது பதினைந்து மாதம் என்கிறது. நம் நாட்டில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் பாரத் என்கேப் சோதனையிலும் காருக்குள் வைத்து மோதவிடுவது பதினெட்டு மாதப் பிள்ளை, மூன்று வயதுப் பிள்ளை அளவிலான பொம்மைகளைத்தான். 2023 அக்டோபரில் அந்தச் சோதனை நடைமுறைக்கு வந்த பிறகு கார் வாங்கப் போகிறவர்கள் நட்சத்திரம் எண்ணுகிறார்கள். பிள்ளைகளுக்குத் தனி மதிப்பெண் உண்டு என்பதைக் கேட்பவர் குறைவு.

கால் மடங்கிக் கிடப்பதைப் பற்றி: பிள்ளை தரையில் எப்படி உட்காருகிறது என்று பார்த்தாலே போதும். சம்மணம் போட்டு மணிக்கணக்கில் விளையாடும். கால் நீளமாகிவிட்டது என்பதற்காகத் திருப்ப வேண்டியதில்லை. தலை உச்சி சீட்டின் மேல் விளிம்பை எட்டிவிட்டதா, எடை சீட்டில் எழுதியிருக்கும் கணக்கைத் தாண்டிவிட்டதா, இந்த இரண்டும்தான் கேள்வி.

கடைக்காரர்கள் ஜவுளிக்கடைச் சட்டத்தை நன்றாகத் தெரிந்தவர்கள். "பிறந்ததுலேர்ந்து பன்னெண்டு வயசு வரைக்கும் ஒரே சீட்டு, சார்" என்பார்கள். பூஜ்யத்திலிருந்து 36 கிலோ வரை என்று பெட்டியிலும் போட்டிருக்கும். கேட்க இனிமையாக இருக்கிறது. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நடுவில் இருக்கிற வயசுக்கு அது சரியாக இருக்கலாம். மூன்று கிலோ பிள்ளை அதில் சரிந்து, தாடை நெஞ்சில் படக் கிடக்கிறதா என்று பாருங்கள். அப்படிக் கிடந்தால் மூச்சுக்கே ஆபத்து. அந்தப் பக்கம் பத்து வயதுப் பையனுக்குத் தோள் பட்டையின் மேல் ஓட்டை எட்டாமல் போயிருக்கும். பட்டை வருகிற இடம்தான் முக்கியம். பின்நோக்கி இருக்கும்போது தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும், முன்நோக்கித் திருப்பிய பிறகு தோளுக்குச் சமமாகவோ சற்று மேலிருந்தோ. இறுக்கியபின் தோள்பட்டை எலும்புக்குப் பக்கத்தில் பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கைக்கு வந்தால் தளர்வு. வராமல் விரல் வழுக்கினால் சரி. மருமகள் ஒவ்வொரு தடவையும் கிள்ளுகிறாள். பேரன் தன்னைக் கிச்சுகிச்சு மூட்டுகிறாள் என்று நினைத்துச் சிரிக்கிறான்.

சீட்டை வாங்குமுன் காரையும் பிள்ளையையும் கூட்டிப்போக வேண்டும். எங்கள் வீட்டில் வேகன் ஆர். பின்நோக்கிய சீட்டை வைத்தால் முன் சீட்டை முழுசாக முன்னால் தள்ள வேண்டியிருக்கிறது. ஆறடி மகன் அங்கே உட்கார முடியாது, ஓட்டத்தான் முடியும். பேபி சீட்டை மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கொக்கி சில கார்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இல்லாவிட்டால் பெல்ட்டால் கட்டலாம், குற்றமில்லை. கட்டிய பின் பெல்ட் நுழைகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. நடு சீட்டில் இடுப்புக்கு மட்டும் பெல்ட் இருந்தால் வளர்ந்த பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டருக்கு அது உதவாது. ஏ.ஐ.எஸ். 072 என்றோ, வட்டத்துக்குள் ஈ என்றோ முத்திரை இல்லாத சீட்டை விலை என்னவானாலும் தொடாதீர்கள்.

தொட்டிலும் நடைவண்டியும் நம் பக்கம் கைமாறித்தான் வரும். மதினி வீட்டிலிருந்து வந்த பழைய பேபி சீட் ஒன்று எங்களுக்கும் கிடைத்தது. அது எந்த விபத்திலாவது இருந்ததா என்று கேட்க நாக்கு கூசியது, ஆனாலும் கேட்டோம். இல்லையாம். ஆனால் முத்திரை லேபிள் கிழிந்து போயிருந்தது. எந்த வருஷத்துப் பொருள் என்று தெரியவில்லை. நம் ஊர் சித்திரை வெயிலில் வெளியே நிற்கிற காருக்குள் பிளாஸ்டிக் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டாம். மதினி மனம் நோகாதபடி அது இப்போது வீட்டு வராந்தாவில் பேரன் சோறு உண்கிற நாற்காலியாக இருக்கிறது. புது சீட்டின் கொக்கியும் வெயிலில் சுடும். வண்டி நிறுத்திவிட்டு இறங்கும்போது அதன் மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டு வருகிறோம்.

பேத்தி கதை வேறு. ஆறு வயது, பெரியவர் அளவு பெல்ட் அவளுக்குக் கழுத்தை அறுத்தது. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், பட்டையை எடுத்து அக்குளுக்குக் கீழே விட்டுக்கொண்டாள். அப்படிப் போட்ட பெல்ட் விபத்தில் விலா எலும்பைப் பதம் பார்க்கும். இடுப்புப் பட்டை வேறு வயிற்றுக்கு ஏறிக் கிடந்தது. அடி குடலுக்கும் ஈரலுக்கும் போகும். அவளுக்குத் தேவைப்பட்டது முதுகுள்ள ஒரு பூஸ்டர், ஆளைத் தூக்கிக் கொடுத்தால் போதும், பட்டை தோள் நடுவிலும் இடுப்பெலும்பிலும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். 145, 150 சென்டிமீட்டர் உயரம் வரும் வரை இது வேண்டும். "நான் என்ன பாப்பாவா?" என்று நாலு நாள் முறைத்தாள். ஜன்னல் வழியாக ஆற்றுப் பாலம் நன்றாகத் தெரிகிறது என்று கண்டுபிடித்த பிறகு சத்தம் இல்லை.

இவ்வளவும் கார் உள்ளவர்கள் பேச்சு. நம் ஊரில் பெரும்பாலான பிள்ளைகள் போவது பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல். அவர்களுக்காகவும் 2022 பிப்ரவரியில் விதி போட்டார்கள். ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரை ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை, ஹெல்மெட், வேகம் நாற்பதுக்குள். 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறை. அந்தப் பட்டை போட்ட ஒரு பிள்ளையையும் கொக்கிரகுளம் பாலத்தில் நான் இதுவரை பார்க்கவில்லை. பேபி சீட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க முடியாதவருக்கு அந்தப் பட்டைதான் பேபி சீட். அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

சீட் வந்தபின் காரில் ஆள் கணக்கு மாறிப்போனது. பங்குனி உத்திரத்துக்கு அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் சாஸ்தா கோவிலுக்குப் போகும்போது முன்பெல்லாம் ஏழெட்டுப் பேர் அதே வண்டிக்குள், மடி மேல் மடியாக. இந்த வருஷம் பின்னால் பேரன் சீட், பேத்தி பூஸ்டர், நடுவில் ஒடுங்கிக்கொண்டு அவர்கள் ஆச்சி. முன்னால் மகனும் மருமகளும். பொங்கல் பானையைக் காலடியில் வைத்துக்கொண்டார்கள். நான் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பாபநாசம் வண்டியில் ஏறினேன். நல்ல கூட்டம். சேரன்மகாதேவியில் இடம் கிடைத்தது.