உள்ளங்கை அளவு

ராத்திரி பதினொன்றரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கறுப்பு நிறத்தில் பளபளக்கும் 17 இன்ச் அலாய் வீல். கூடவே ஒரு கேள்வி: ‘மாமா, எப்படி இருக்கு?’

அனுப்பியவன் என் அக்கா மகன். அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் வேலை. 1990-ம் வருஷத்து மஸ்டா மியாட்டா ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். ரெண்டே சீட், கூரையை மடக்கிவிடலாம், எடை ஒரு டன்னுக்கும் கொஞ்சம் கம்மி. கம்பெனியிலிருந்து வந்தபோது 1.6 லிட்டர் இன்ஜின், 116 குதிரை சக்தி. இவன் அதில் டர்போ வேறு மாட்டிவிட்டான். அடுத்தது வீல்.

பி.காம். படித்தவனிடம் இதையெல்லாம் எதற்குக் கேட்கிறான் என்றுதானே நினைக்கிறீர்கள்? பாதிப் பணம் என்னுடையது. (பிறந்தநாள் பரிசு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.) பேப்பர், பேனாவுடன் உட்கார்ந்தேன்.

பழைய டயர் 185/60 ஆர் 14. இதில் 185 என்பது அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச் சுவரின் உயரம். அகலத்தில் 60 சதவிகிதம், அதாவது 111 மி.மீ. 14 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவில் ரிம். கூட்டினால் மொத்த உயரம் சுமார் 578 மி.மீ. வீலை மாற்றினாலும் இந்த 578-ஐ விட்டு ரொம்ப விலகக் கூடாது.

அவன் பார்த்து வைத்த 17 இன்ச்சுக்கு 215/40 டயர். கூட்டினால் 604. நாலரை சதவிகிதம் அதிகம். ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது வண்டி 104-ஐத் தாண்டியிருக்கும். இழுவையும் குறையும். டர்போ கொடுத்ததில் ஒரு பங்கை வீல் தின்றுவிடும். பக்கச் சுவரோ 86 மி.மீ.தான். பனி உறைந்து உருகிக் குழி விழுகிற மிச்சிகன் ரோட்டில், ரிம் நெளிய ஒரு குழி போதும்.

15 இன்ச்சில் 195/50 போட்டால்? 576! ரெண்டு மில்லிமீட்டர் கூட வித்தியாசமில்லை. எடை தாங்கும் குறியீடும் பழையபடி 82. டயருக்கு 475 கிலோ. ஆடிட்டர் கையெழுத்துப் போடலாம்.

இன்னொன்று, ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்ற கணக்கு. பழைய ரிம் 5.5 இன்ச் அகலம், ஆஃப்செட் 45. புது ரிம் 7 இன்ச், ஆஃப்செட் 38 என்றால் வெளிப்பக்கம் 26 மி.மீ., உள்பக்கம் 12 மி.மீ. கூடும். அதே ரிம்மை 20 ஆஃப்செட்டில் வாங்கினால் வெளியே 44 மி.மீ. வந்து நிற்கும். திருப்பத்தில் ஃபெண்டர் உரசினால் ஆச்சரியப்படாதீர்கள்.

போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “லுக் இல்லையே மாமா!” என்றான்.

“சரிடா, டயர் என்ன போடப் போறே?”

“வீலுக்கே காசு போயிடுச்சு. செகண்ட் ஹேண்ட்ல கிடைக்குது. பட்டன் நல்லா இருக்கு மாமா.”

“பக்கத்துல நாலு நம்பர் இருக்கும், படி.”

“2314.”

2014-ம் வருஷம், 23-வது வாரம் செய்தது. பட்டன் எத்தனை இருந்தாலும் பத்து வயது தாண்டிய ரப்பர். காரைத் தாங்கிப் பிடிப்பது வீல் இல்லை. டயர் ஒவ்வொன்றும் ரோட்டைத் தொடுகிற இடம் ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவுதான். மொத்தம் நாலு உள்ளங்கை. அவ்வளவுதான் பிடிமானம்.

அப்போதுதான், இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

“2009-ல திண்டிவனம் பக்கத்துல நம்ம மாருதி 800 பஞ்சர் ஆச்சே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. நான் பின் சீட்ல தூங்கிட்டிருந்தேன். அம்மா மடியில.”

“அது பஞ்சர் இல்லடா. டயர் வெடிச்சுது. ரெண்டாயிரம் ரூபா மிச்சம் பண்றேன்னு நான்தான் பழைய டயர் வாங்கிப் போட்டேன். மெக்கானிக் வேணாம்னுதான் சொன்னார். வண்டி இழுத்துட்டுப் போய் புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால நின்னுது. பஞ்சர்னு சொல்லி உங்க அம்மாவை இறக்கினேன். அப்புறம் ஸ்டெப்னி மாட்டக் கை வரலை.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“இதைப் படிச்சா தெரிஞ்சுக்குவா.”

போன வாரம் மறுபடி ஒரு படம் வந்தது. வீல் இல்லை. டயரின் பக்கச் சுவர், க்ளோஸப்பில். 195/50 ஆர் 15. பக்கத்திலேயே நாலு நம்பர். செய்து மூன்றே மாதம் ஆன டயர். ‘லுக் சுமார்தான் மாமா. ஆனா திருப்பத்துல ஒட்டிக்குது’ என்று எழுதியிருந்தான்.

நாளைக் காலை நீங்களும் வண்டியை எடுக்கும் முன் ஒரு நிமிஷம் குனிந்து அந்த நாலு நம்பரைப் படித்துவிடுங்கள். அவனுக்கு உபதேசம் பண்ணிய மறுநாள் நானும் குனிந்தேன். நாலு டயரும் பாஸ்.

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பார்த்தேன். 4113.