என் வகுப்புக்கே வந்துவிட்ட தம்பி!

போன மாதம் திருச்சியிலிருந்து பெரியம்மா மகள் போன் செய்தாள்.

"பாப்பாவுக்கு டபுள் புரமோஷன் கொடுக்கலாம்னு ஸ்கூல்ல சொல்றாங்கடி. ஒண்ணாவது முடிச்சதும் நேரா மூணாவது. முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு கிளாஸ்லயும் உட்கார்ந்து பார்க்கச் சொல்லியிருக்காங்க. அவர் ஊர்ல இல்ல. நீ வர்றியா? இந்த விஷயத்துல அனுபவம் இருக்கறது உங்க வீட்டுக்குத்தானே!"

அனுபவம்தான். 2009 ஜூன் மாதம் நான் நான்காம் வகுப்புக்குப் போனேன். என்னைவிட ஒன்றரை வயது சிறியவனான தம்பி, இரண்டாவது முடித்திருந்தான். அவனையும் நேராக நான்காவதில் போட்டார்கள். எங்கள் பள்ளியில் வகுப்புக்கு ஒரே பிரிவுதான். அதனால் அவன் என் வகுப்புக்கே வந்துவிட்டான்.

அப்பா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். எனக்கும் ஒன்று கிடைத்தது. அதுவரை என் பழைய புத்தகங்களைப் படித்தவனுக்கு அந்த வருடம் புதுப் புத்தகம்.

இரண்டு ரேங்க் கார்டும் ஒரே நாளில் வீட்டுக்கு வரும். அப்பா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒருநாளும் என்னைத் திட்டியதில்லை. என் கார்டில் கையெழுத்துப் போடும்போது மட்டும் கொஞ்சம் வேகமாகப் போடுவார், அவ்வளவுதான். ஆனால் உறவினர்கள் சும்மா இருப்பார்களா? "அக்காவையே பிடிச்சுட்டானே!" என்று ஒரு கல்யாணம் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் அம்மாவோ அப்பாவோ அந்த வகுப்பறைக்குள் ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் பத்து நிமிடப் பேச்சு. கையெழுத்து. முடிந்தது.

அதனால் அக்கா கூப்பிட்டதும் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

முதலில் ஒன்றாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க நானும் அக்காவும் உட்கார்ந்தோம். மிஸ் போர்டில் எட்டு கூட்டல் கணக்குகள் எழுதினார். அவர் எழுதி முடித்துத் திரும்பும்போது பாப்பாவும் விடை எழுதி முடித்திருந்தாள். "வெரிகுட், கையைக் கட்டிக்கிட்டு உட்காரு" என்றார் மிஸ். மற்றவர்கள் முடிக்கும்வரை கிட்டத்தட்ட இருபது நிமிடம், அவள் கையைக் கட்டிக்கொண்டு ஃபேன் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா என் கையைக் கிள்ளினாள். "தினமும் இப்படித்தான் உட்கார்ந்திருக்காளா?" என்று கேட்டபோது அவள் குரலே மாறியிருந்தது. மிஸ்ஸைக் குறை சொல்ல முடியாது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார்?

பிறகு பாப்பாவையும் கூட்டிக்கொண்டு மூன்றாம் வகுப்புக்குப் போனோம். 24 ஆரஞ்சுப் பழங்களை 6 பேருக்குச் சமமாகப் பிரிக்கும் கணக்கு. மிஸ் கேள்வியை முடிப்பதற்குள் "நாலு" என்றாள். பெரிய பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! அன்று அப்பா மைசூர்பாகு வாங்கி வந்தபோது அவர் முகமும் இப்படித்தான் இருந்தது.

அடுத்த பீரியட் தமிழ். மிஸ் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். பத்துச் சொற்கள். மற்றவர்கள் எழுதி முடித்தபோது பாப்பா நான்காவது சொல்லில் இருந்தாள். அழித்து அழித்து எழுதியதில் தாள் கிழிந்துவிட்டது. கிழிந்த இடத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு எங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

மதியம் இன்னொன்றும் கவனித்தேன். ஒன்றாம் வகுப்பில் டிபன் பாக்ஸ் மூடி திறக்கவில்லை என்றால் ஆயாம்மா ஓடி வருகிறார். மூன்றாவதில் ஆயாம்மா கிடையாது.

நான் வேலை பார்ப்பது டிஜிட்டல் டெஸ்க்கில். தேடாமல் இருக்க முடியுமா? அன்றிரவு அக்கா வீட்டு சோபாவில் உட்கார்ந்து படித்தேன். நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக, டபுள் புரமோஷனுக்கு ஆதரவாகத்தான் நிறைய இருந்தது. அமெரிக்காவில் 2004-ல் ஐயோவா பல்கலைக்கழகம் வெளியிட்ட ஓர் அறிக்கை, சரியாகத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கு இது நன்மையே செய்கிறது என்கிறது. ஆனால், இந்த முடிவை எடுப்பதற்காக அங்கே உருவாக்கிய 'ஐயோவா ஆக்ஸிலரேஷன் ஸ்கேல்' என்ற வழிகாட்டியில் சில தடைகளும் இருக்கின்றன. பிள்ளைக்கே விருப்பம் இல்லையென்றால் வேண்டாம். கூடப்பிறந்தவர் படிக்கும் வகுப்புக்கே போக வேண்டியிருந்தால் வேண்டாம். அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

ஆஸ்திரேலியாவின் கணித மேதை டெரன்ஸ் டாவோவைப் பற்றியும் அக்காவுக்குச் சொன்னேன். 2006-ல் ஃபீல்ட்ஸ் மெடல் வாங்கியவர். மூன்றரை வயதிலேயே அவரைப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோர், இன்னும் பக்குவம் வரவில்லை என்று சில வாரங்களில் நிறுத்திவிட்டார்கள். ஐந்து வயதில் மறுபடி சேர்த்தபோது, எந்தப் பாடத்தில் எவ்வளவு முன்னேறியிருக்கிறாரோ அந்தப் பாடத்துக்கு மட்டும் மேல் வகுப்பில் உட்கார வைத்தார்கள்.

நான் அக்காவிடம் சொன்ன இன்னொரு விஷயம், எங்கள் வீட்டுக்கே தாமதமாகத் தெரிந்தது. 2018-ல் தம்பி பிளஸ் டூ முடித்தபோது அவனுக்கு 16 வயது. டாக்டர் கனவு. நீட் எழுத அந்த வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைய வேண்டும். அவனுக்கு ஒன்றரை மாதம் குறைந்தது. விண்ணப்பிக்க உட்கார்ந்த அன்றுதான் எங்களுக்கே தெரியும். தாண்டிக் குதித்த அந்த ஒரு வருடத்தை வீட்டில் உட்கார்ந்து கழித்துவிட்டு, 2019-ல் எழுதினான்.

மறுநாள் அக்கா ஹெட்மிஸ்ட்ரஸிடம் கேட்டாள். "மேடம், அவ ரெண்டாவதுலயே இருக்கட்டும். கணக்குக்கு மட்டும் மூணாவதுக்குப் போய்ட்டு வரலாமா?"

"டைம்டேபிள் ஒத்துவரணுமேம்மா..." என்று இழுத்தவர், "ஜூன்ல போடும்போது ரெண்டு கிளாஸ் கணக்கையும் ஒரே நேரத்துல வைக்க முடியுதான்னு பார்க்கறேன்" என்றார். அதுவரைக்கும் ஒன்றாம் வகுப்பில் கையைக் கட்டி உட்கார வைக்காமல், படிக்க ஒரு கதைப் புத்தகமாவது கொடுங்கள் என்று அக்கா கேட்டுக்கொண்டாள். பாப்பாவிடமும் கேட்டோம். "கணக்கு மிஸ் நல்ல மிஸ். ஆனா சாப்பிட இங்கதான் வருவேன்" என்றாள்.

சென்னை திரும்பும் பஸ்ஸில் தம்பிக்கு போன் போட்டேன். இப்போது ஹவுஸ் சர்ஜன். நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, "உனக்கு அந்த ஒரு வருஷம் வீணாப் போச்சுன்னு கோபமே இல்லையாடா?" என்றேன்.

"அதெல்லாம் இல்லக்கா. நாலாவதுலதான் கஷ்டமா இருந்துச்சு."

"பாடமா?"

"பாடம் இல்ல. நீ ஸ்கூல்ல என்கூட பேசவே மாட்ட. லஞ்ச்ல உன் பக்கத்துல வந்து உட்கார்ந்தா எழுந்து போயிடுவ."

பதினாறு வருடங்களாக இதை நான் என் கதையாகத்தான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

"சாப்ட்டியாடா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லக்கா. வார்டுல கூப்பிடறாங்க" என்று வைத்துவிட்டான்.