தொண்ணூறு நாள் ஆயுள்

மேலூரில் இருந்துகொண்டு மென்பொருள் எழுதுவோர் நாங்கள் நால்வர். பகலில் சம்பளத்துக்கு எழுதுகிறோம், இரவில் எங்களுக்காக. இரவு வேலை, வட்டாரச் சொற்பட்டியல் ஒன்றைத் தேடவும் அகரவரிசைப்படுத்தவும் உதவும் சிறு நிரல். பெரியாற்றுக் கால்வாய் பாயும் ஊர்களில் நண்பர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுத் திரட்டிய சொற்கள் அவை: மடை, மாடு, நாற்று, சடங்கு. சொன்னவர்களில் சிலர் இன்று இல்லை. நிரல் ஒரு சொல்லைத் தொலைத்தால் மீண்டும் கேட்டு எழுத ஆள் கிடையாது.

நிரலில் ஒரு வரி மாறினாலும் எங்கோ ஒரு கணினி விழித்தெழுந்து எல்லாச் சோதனைகளையும் ஓட்டிப் பார்க்கிறது. தொடர் ஒருங்கிணைப்பு என்பது இதன் பெயர். வேலை முடிந்ததும் அந்தக் கணினி துடைத்து அழிக்கப்படும். எஞ்சுவது, ஆர்டிஃபாக்ட் என்று தனியே எடுத்து வைத்தவை மட்டுமே. எங்களுக்கு அது ஜேயூனிட் வடிவிலான ஓர் எக்ஸ்எம்எல் அறிக்கை. கென்ட் பெக்கும் எரிக் காமாவும் ஜாவாவுக்காக எழுதிய கருவியின் பெயர் அது. இன்று எந்த மொழியில் சோதித்தாலும் அறிக்கை அந்தப் பெயரையே சுமக்கிறது.

எங்கள் சோதனை ஒவ்வொரு முறையும் பட்டியலிலிருந்து இருநூறு சொற்களைக் குலுக்கல் முறையில் எடுக்கும். எப்போதாவது ஒருமுறை தோற்கும். மறுமுறை ஓட்டினால் தேறிவிடும். இத்தகைய தடுமாறும் சோதனைகள் உலகெங்கும் உண்டு. தம் சோதனைகளில் ஏறக்குறைய 16 விழுக்காடு ஓரளவேனும் தடுமாறுபவை என்று கூகுள் 2016இல் எழுதியது. பலரும் மறுமுறை ஓட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் எந்த இருநூறு சொற்கள் என்பதைச் சொல்லும் விதை எண் அறிக்கையில் மட்டுமே இருந்தது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஆர்டிஃபாக்டுக்கு இயல்பான ஆயுள் 90 நாள். முந்தைய தோல்விகளின் அறிக்கைகள் அந்தக் கெடு முடிந்து போய்விட்டிருந்தன.

இதில் ஒரு விநோதத்தையும் சொல்ல வேண்டும். பணித்தொடரில் ஒரு படி தோற்றால் அடுத்த படிகள் ஓடுவதில்லை என்பதே பொது விதி. அறிக்கையை ஏற்றுவது அடுத்த படி. ஆக, எல்லாம் நலம் என்ற நாளில் அறிக்கை பத்திரமாக இருக்கும். தவறு நேர்ந்த நாளில் இருக்காது. எப்போதும் ஏற்று என்னும் பொருளில் 'ஆல்வேஸ்' என்று ஒரு சொல்லை அந்தப் படியில் எழுதினால் போதும். பல திட்டங்களில் அது இருப்பதில்லை.

அடுத்த தோல்விக்கு ஏழு வாரம் காத்திருந்தோம். வந்த அறிக்கை சொன்னது: எதிர்பார்த்தது 'கொடி', கிடைத்தது 'கொடி'. சிரித்துவிட்டோம். விதை எண்ணைக் கொடுத்து மறுபடி ஓட்டினோம், அதே தோல்வி. பிறகு எழுத்துகளின் குறியெண்களைப் பார்த்தோம். யூனிகோடில் 'ொ' என்பது ஒரே குறியாகவும் வரலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டுப் பின்னர் மாற்றப்பட்ட பழைய கோப்புகளின் சொற்கள் இரண்டாம் வகை. தேடலில் அவை அகப்படவே இல்லை. பட்டியலில் இருந்தும் இல்லாதவை.

மேலூருக்கு அருகே மாங்குளத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. ராபர்ட் சீவெல் 1882இல் கண்டவை; கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் அவ்வகை எழுத்துகளின் மொழி தமிழே என்று வாதிட்டார். ஐராவதம் மகாதேவன் 1960களில் அவற்றில் நெடுஞ்செழியனின் பெயரைப் படித்தார். இவ்வளவுக்கும் கல் அங்கேயே இருந்தது. காகித மைப்படிகளுக்கு அந்த உறுதி இல்லை. மைசூரிலிருந்த தமிழ் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்ற 2021இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஆணையிட்டபோது, அது எங்களுக்கு ஊர்ச் செய்தியாக மட்டும் படவில்லை.

இப்போது தேறிய ஓட்டத்தின் அறிக்கைக்கு ஏழு நாள் ஆயுள். தோற்றதன் அறிக்கையை ஆர்டிஃபாக்டாக மட்டும் விடாமல் தனிக் களஞ்சியத்தில் சேர்க்கிறோம். தேதி, மாற்றத்தின் அடையாள எண், எத்தனையாவது முயற்சி, எந்த இயங்குதளம் ஆகியவை கோப்பின் பெயரிலேயே இருக்கும். ஏற்றும் கருவியின் நான்காம் பதிப்பு ஒரே ஓட்டத்தில் ஒரே பெயரில் பல பணிகள் கோப்புகளைச் சேர்க்க விடுவதில்லை. முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது நல்லதென்றே படுகிறது.

கொம்பும் காலும் சீராகிவிட்டன. சிக்கல் 'ௌ'வில் நிற்கிறது. அதைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டச்சிட்டவர்கள் பலர். எல்லாவற்றையும் மாற்றிவிடலாமென்றால், எங்கள் பக்கம் ழகரம் ளகரமாக ஒலிக்கும், கிழவி, 'கெளவி'. கணினி அதைத் திருத்தினால் 'கௌவி' ஆகி, எதையோ கடித்துவிடுவாள். அத்தகைய சொற்களைத் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றையும் அந்தந்த ஊரில் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும்.