ஆசா ராஜாவுக்குக் கால்ல என்ன வியாதி?

(டிஸ்கி: இது மதம் மாத்தற பதிவும் இல்லை, மதத்தைத் திட்டற பதிவும் இல்லை. ரெண்டுல ஒண்ணை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சுடுங்க. பைபிளைத் தொட்டே பாக்காதவங்களும் தாராளமா வாசிக்கலாம்.)

2011, ஐப்பசி மாசம். ஆபீஸ் முடிஞ்சு வந்து, தண்ணி பாட்டில் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். கதவுல முட்டைக்குப் பக்கத்துல அம்மாவோட இன்சுலின் பாட்டில் இருந்துச்சு. போன வாரம் எந்த அளவுல இருந்துச்சோ அதே அளவுல.

"அம்மா, ஊசி போட்டுக்கலியா?"

"வேண்டாம் கண்ணு. நான் குணமாயிட்டேன்."

விசாரிச்சா, தொலைக்காட்சியில ராத்திரி வர்ற ஒரு ஊழியக்காரர் சொல்லிட்டாராம். விசுவாசம் இருக்கறவங்களுக்கு ஊசி எதுக்கு, ஊசி போட்டா சந்தேகப்படறேன்னுதானே அர்த்தம்னு. கூரியர்ல ஒரு குப்பி ஜெப எண்ணெய் வேற வந்திருக்கு. அதை இடது கால் சுண்டுவிரல்ல தடவித் துணி சுத்தி வச்சிருந்தாங்க. துணியைப் பிரிச்சேன். விரல் கறுத்துக் கிடந்துச்சு.

"வலிக்கலியா?"

"கொஞ்சங்கூட வலியே இல்லை. அதான் சொல்றேன், குணமாயிட்டு வருது."

நான் கத்தினேன். கண்டபடி கத்தினேன். அம்மா அழலை. ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "உனக்கு வேதம் தெரியுமா?"

தெரியாது. பிறந்ததுல இருந்து சி.எஸ்.ஐ.தான். ஆனா கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயிலுக்குப் போற கேஸ் நான். நாமக்கல்ல ஒரு லாரி ஆபீஸ்ல கணக்கெழுதறேன். எனக்குத் தெரிஞ்ச வேதம் டீசல் பில்லும் டயர் கணக்கும்தான் :)

டாக்டர் சொன்னா அம்மா கேக்க மாட்டாங்கன்னு புரிஞ்சுபோச்சு. வேதத்தை வச்சுத்தான் பேசியாகணும். ராத்திரி பூரா கம்ப்யூட்டர்ல உக்காந்து தேடினேன். ஒருத்தர் மருந்தே பாவம்ங்கறார். இன்னொருத்தர் மருந்தும் கடவுள் கொடுத்ததுங்கறார். ரெண்டு பேர் வாயிலயும் வசனம் அருவி மாதிரி கொட்டுது. யாரை நம்பறது? நான் பாட்டுக்கு எனக்குச் சாதகமா இருந்ததை மட்டும் ஒரு தாள்ல எழுதிக்கிட்டே வந்தேன். விடியக்காலம் மூணு மணிக்குத்தான் உறைச்சுது. எனக்கு வேண்டிய வசனத்தை நான் பொறுக்கறேன். அந்த ஊழியக்காரரும் இதைத்தானே பண்றார்?

காலையில டி.வி.எஸ். 50-ஐ எடுத்துக்கிட்டு கொல்லிமலை அடிவாரத்துக்குப் போனேன். காரவள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுல வயசான உபதேசியார் ஒருத்தர் இருந்தார். (உபதேசியார்னா போதகர் எட்டிப் பாக்க முடியாத ஊர்கள்ல ஜெபம் நடத்தி, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவங்க. இப்ப அந்த வேலையே அருகிப்போச்சு.) முப்பது வருஷம் ஆரம்பப் பள்ளி வாத்தியாரா இருந்தவர். நான் எழுதின தாளை நீட்டினேன். மேலோட்டமாப் பாத்துட்டு மடிச்சுத் திருப்பிக் கொடுத்துட்டார்.

"இது வக்கீல் நோட்டீஸ் தம்பி. அம்மாகிட்ட கேஸா நடத்தப் போறீங்க? வண்டியை எடுங்க, நானும் வர்றேன்."

வீட்டுக்கு வந்து அம்மாவோட காலைப் பாத்தார். ஒண்ணும் சொல்லலை. அம்மாவோட பைபிளையே வாங்கி, ஒரு இடத்தை எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். 2 நாளாகமம், 16-ம் அதிகாரம், 12-ம் வசனம். யூதா ராஜா ஆசாவுக்குக் கால்ல கடுமையான வியாதி வருது. அப்பவும் அவன் கடவுளைத் தேடலை, பரிகாரிகளைத்தான் தேடினான்னு இருக்கு. அடுத்த ரெண்டு வசனத்துல ஆள் காலி.

எனக்கு வயிறு கலங்கிடுச்சு. இந்தாளை யார் பக்கம் பேசறதுக்குக் கூட்டிட்டு வந்தோம்? அம்மா முகத்துல ஒரு பிரகாசம். "பாத்தியா கண்ணு! கால்ல வியாதின்னே போட்டிருக்கு!"

"ஆமாம்மா, உங்களுக்குச் சாதகமா இதைவிட நல்ல வசனம் இல்லை. அந்த டி.வி.க்காரர் சொல்லியிருக்காட்டியும் நான் சொல்லணும். மறைக்கக் கூடாது"ன்னார். "இப்ப அதே அதிகாரத்தை முதல் வசனத்துல இருந்து வாசிங்க."

அம்மா வாசிச்சாங்க. ஆசா எதிரிக்குப் பயந்து, கோயில் வெள்ளியையும் பொன்னையும் எடுத்துக் கொடுத்து சீரியா ராஜாவைத் துணைக்குக் கூப்பிடறான். தப்புன்னு சொல்ல வந்த ஞானதிருஷ்டிக்காரரைப் பிடிச்சு ஜெயில்ல போடறான். (அந்த ஞானதிருஷ்டிக்காரர் பேரு அனானி. சத்தியமாங்க, வேணும்னா எடுத்துப் பாருங்க. நம்ம பின்னூட்ட அனானி மாதிரியே உண்மையைச் சொல்லி உதை வாங்கியிருக்கார் :))

"ராஜா மேல இருக்கற குத்தம் என்னம்மா? வைத்தியரைப் பாத்ததா, கடவுளை அடியோட விட்டதா?"

அம்மா பதில் சொல்லலை. "பரிகாரின்னா வைத்தியர்தானா? நான் மாந்திரீகம் பண்றவன்னு நினைச்சேன்"னாங்க. பரிகாரின்னா வைத்தியர்தான். யாழ்ப்பாணத்துல நாட்டு வைத்தியரைப் பரியாரின்னு சொல்றாங்க இல்லையா, அதே சொல். நம்ம வீடுகள்ல இருக்கற பழைய மொழிபெயர்ப்பு ஹென்றி பவர் தலைமையில ஒரு குழு செஞ்சு, 1871-ல வெளிவந்தது. 140 வருஷத்துப் பழைய தமிழை இன்னைக்கு அர்த்தத்துல வாசிச்சா இப்படித்தான் ஏமாந்துபோவோம்னு சொன்னார்.

அடுத்து ஏசாயா 38. எசேக்கியா ராஜா சாகக் கிடக்கறான். கடவுள் இன்னும் 15 வருஷம் ஆயுசு கொடுத்துட்டதா ஏசாயா தீர்க்கதரிசி சொல்லிட்டார். சொன்ன அதே தீர்க்கதரிசி, அத்திப்பழ அடையைப் பற்றுப் போடச் சொல்றார். எதுக்கு? பிளவைக்கு. சர்க்கரைக்காரங்க இருக்கற வீட்டுல பிளவைங்கற வார்த்தைக்கு அகராதி தேவையில்லை. அம்மா அந்த வசனத்தை ரெண்டு தரம் வாசிச்சாங்க. வாக்கு கிடைச்ச பின்னாடியும் மருந்து.

"அப்ப தழும்புகளால குணமாகறோம்னு இருக்கறது?"ன்னாங்க. டி.வி.க்காரரோட முக்கிய ஆயுதம் அதுதான், ஏசாயா 53:5. உபதேசியார் ரெண்டு இடம் காட்டினார். மத்தேயு 8-ல அந்த அதிகாரத்தை உடம்பு நோய் தீர்றதோட சேர்த்துச் சொல்லியிருக்கு. 1 பேதுரு 2-ல பாவம் தீர்றதைப் பத்திச் சொல்லியிருக்கு. "ரெண்டும் இருக்கும்மா. ஒண்ணை மட்டும் நான் காட்டினா அது திருட்டுத்தனம். ஆனா ஊசியைத் தூக்கிப் போடுன்னு ரெண்டு இடத்துலயும் இல்லை."

அப்பத்தான் அம்மா உடைஞ்சாங்க. "நானும் உண்மையாத்தானே ஜெபம் பண்றேன் அய்யா. எனக்கு ஏன் சுகம் வரலை?"

ஏதாவது ஆறுதல் வசனம் வரும்னு நான் காத்திருந்தேன். அவர் கொஞ்ச நேரம் தரையைப் பாத்துட்டுச் சொன்னார். "தெரியலம்மா."

அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "அந்த ஊசியை எடுத்துட்டு வா கண்ணு"ன்னாங்க.

அன்னைக்கே ஆஸ்பத்திரியில சேர்த்தோம். அந்த வாரமே சுண்டுவிரலை எடுத்துட்டாங்க. தாமதமாயிடுச்சு. இல்லைன்னு சொல்லிக் கதையை அழகாக்க விரும்பலை.

ஒரு சேதி அப்புறம்தான் தெரிஞ்சுது. அம்மா குணத்துக்கு அடையாளம்னு நினைச்ச அந்த 'வலியே இல்லை'தான் நோயே. சர்க்கரையால நரம்பு மரத்துப்போச்சு. இதைச் சொன்னப்ப உபதேசியார் மலைப்பக்கம் கையைக் காட்டினார். கொல்லிமலையில ஜெஸ்ஸி பிராண்டு, எவலின் பிராண்டுன்னு ஒரு மிஷனரித் தம்பதி இருந்தாங்க. இப்ப இருக்கற 70 கொண்டை ஊசி வளைவு ரோடெல்லாம் அப்ப ஏது? பிரசங்கமும் பண்ணுவாங்க, மருந்தும் கொடுப்பாங்க. ரெண்டும் ஒரே வேலைன்னு நினைச்சாங்க. 1929-ல ஜெஸ்ஸி பிராண்டு மலேரியாவோட சேர்ந்து வர்ற கருநீர்க் காய்ச்சல்ல அந்த மலையிலயே செத்துப்போனார். எவலின் அம்மா முதுமையிலயும் மட்டக்குதிரை மேல மலைமலையாப் போய் ஊழியம் பண்ணிட்டு 1974-ல காலமானாங்க. அவங்க பையன் பால் பிராண்டு, 1914-ல பிறந்தவர், வேலூர் சி.எம்.சி.யில தொழுநோயாளிகளோட முடங்கின கையை ஆபரேஷன்ல நிமித்தினவர். விரல் அழியறது வலி தெரியாமப் போறதாலன்னு கண்டு சொன்னவர். பின்னாடி அமெரிக்கா போனப்புறம் மரத்துப்போன சர்க்கரைக் கால்களுக்கும் அதே பாடத்தைச் சொன்னார். தினம் ராத்திரி பாதத்தைப் பாருங்க, வெறுங்காலோட நடக்காதீங்கன்னு ஆஸ்பத்திரியில அம்மாவுக்குச் சொன்னது இருக்கே, அதுல நம்ம மலையில வளர்ந்தவரோட பங்கும் இருக்கு.

சரி, இவ்வளவு கதை எதுக்குன்னா, "பைபிளைச் சரியாப் படிக்கணும், யார்கிட்ட போறது?"ன்னு கேக்கறவங்களுக்கு அன்னையில இருந்து நான் சொல்றது இதுதான்:

1. ரெண்டு மொழிபெயர்ப்பு வச்சுக்கங்க. ஒண்ணு பழைய மொழிபெயர்ப்பு. இன்னொண்ணு கத்தோலிக்கரும் மத்த சபைக்காரங்களும் சேர்ந்து செஞ்சு 1995-ல வந்த திருவிவிலியம். ரெண்டுமே இணையத்துல காசில்லாமக் கிடைக்குது. எங்கெல்லாம் ரெண்டும் வேறுபடுதோ அங்க நின்னு யோசிங்க. கத்தோலிக்கப் பதிப்புல சீராக் ஆகமம்னு ஒண்ணு கூடுதலா இருக்கும். அதோட 38-ம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்றதுலதான் ஆரம்பிக்குது. எங்க பைபிள்ல அந்தப் புத்தகமே இல்லை. இது தெரியாம நாற்பது வருஷம் ஓட்டியிருக்கேன்.

2. ஓரத்துல ஒத்தவாக்கியக் குறிப்பு இருக்கற பதிப்பா வாங்குங்க. பழைய லாரி வாங்க வர்றவங்க சேஸிஸ் நம்பரைப் பென்சில்ல தேய்ச்செடுத்து ஆர்.சி. புக்கோட ஒத்துப் பாக்காம அட்வான்ஸ் கொடுப்பாங்களா? வசனமும் அப்படித்தான். முன்னாடி நாலு, பின்னாடி நாலு, ஒத்த இடம் ரெண்டு. பாத்துட்டு அப்புறம் ஆமென் சொல்லலாம்.

3. போஸ்டர்ல 'டாக்டர்' போட்டிருந்தா எங்க படிச்சீங்கன்னு மரியாதையாக் கேளுங்க. செராம்பூர் கல்லூரி 1818-ல ஆரம்பிச்சது. 1827-ல டென்மார்க் ராஜா பட்டம் கொடுக்கற உரிமை கொடுத்தார். நம்ம ஊர்ப்பக்கம் மதுரை அரசரடியில தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969-ல இருந்து நடக்குது. இப்படி நாலு வருஷம் கிரேக்கம், எபிரேயம்னு உக்காந்து படிச்சவங்க இருக்காங்க. படிச்சவரெல்லாம் யோக்கியர்னு சொல்லலை. கேள்வி கேட்டா கோவிக்கிறாரா இல்லையான்னு பாருங்க.

4. முக்கியமானது இதுதான். தனக்கு எதிரா இருக்கற வசனத்தை அவரா எடுத்துக் காட்டறாரா? தெரியாததைத் தெரியாதுங்கறாரா? இந்த ரெண்டும் இருந்தா அவர்கிட்ட உக்காரலாம். எட்டாங்கிளாஸ் படிச்சவரா இருந்தாலும் சரி.

மாற்கு சுவிசேஷத்தோட கடைசிப் பக்கத்தை எடுத்துக்கங்க. விஷம் குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது, நோயாளி மேல கையை வச்சா குணமாவாங்கன்னு 16-ம் அதிகாரத்துல வரும். நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பழைய ரெண்டு கிரேக்கப் பிரதியில அந்த அதிகாரம் 8-ம் வசனத்தோட முடிஞ்சுபோகுது. இது விசுவாசத்துக்கு விரோதமான ரகசியமெல்லாம் இல்லை, இறையியல் படிக்கற பசங்களுக்கு வகுப்புல சொல்லித் தர்றதுதான். ஆனா அந்த வசனத்தை வச்சே பிழைக்கறவங்க மேடையில சொல்லி நான் கேட்டதில்லை. உபதேசியார் மறு ஞாயித்துக்கிழமையே சொன்னார்.

அவர் 2016-ல தவறிட்டார். அவரோட பைபிளை மகள் அம்மாகிட்ட கொடுத்தாங்க. பிரிச்சா, பக்கத்துக்குப் பக்கம் ஓரத்துல பென்சில்ல சின்னச் சின்னக் கேள்விக்குறி. ஐம்பது வருஷம் பிரசங்கம் பண்ணின மனுஷன்! ஆசா ராஜா வசனத்துக்குப் பக்கத்துலயும் ஒண்ணு இருக்கு.

அம்மா நல்லா இருக்காங்க. ஊசி தொடருது. ஜெபமும் தொடருது. போன மாசம் பக்கத்து வீட்டுக்காரம்மா செல்போன்ல யாரோ பேசின வீடியோவைக் காட்டி, "கேட்டீங்களாக்கா, எப்படிச் சொல்றார்!"ன்னாங்க. அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கிட்டு, பென்சிலைக் கையில எடுத்துக்கிட்டு, "எந்த அதிகாரம்னு கேளு புள்ள"ன்னாங்க.

பி.கு.: உங்க ஊர்லயும் இப்படி ஒரு உபதேசியாரோ, ஓதுவாரோ, மௌலவியோ கட்டாயம் இருப்பாங்க. கூட்டம் இருக்காது, போஸ்டர் இருக்காது. இருக்கறப்பவே போய்ப் பாத்துடுங்க.