டைரக்டரம்மாவின் ஏழு நாள்

பெரிய ஆஸ்பத்திரி டைரக்டர்னா வாரம் எப்படி ஓடும்? திங்கள் மீட்டிங், செவ்வாய் மீட்டிங், ஞாயிறு கிளப்புல கோல்ஃப்னு நம்ம மனசுல ஒரு படம் இருக்குமில்ல? அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் டாக்டர் சாந்தாவைப் பத்திப் படிச்சப்போ எனக்கு அந்தப் படம் கிழிஞ்சே போச்சு. 1980லேர்ந்து 1997 வரைக்கும் டைரக்டர். குடியிருந்தது ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே. வீட்டுக்கும் வேலைக்கும் நடுவுல ஒரு தெரு கூட இல்லாதவங்களுக்கு ஞாயித்துக்கிழமை எங்கேர்ந்து வரும், சொல்லுங்க!

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954ல 12 படுக்கையோட ஆரம்பிச்ச இடம் அது. அடுத்த வருஷமே, கைக்கு வந்த கவர்மெண்ட் வேலையை வேண்டாம்னுட்டு சாந்தா அங்க சேர்ந்தாங்க. முத்துலட்சுமியோட மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி ஒருத்தர், இவங்க ஒருத்தர். சாந்தாவுக்கு சர் சி.வி. ராமன் தாத்தா முறை, சந்திரசேகர் மாமா. நோபல் குடும்பம்! (நம்ம குடும்பத்துல பத்தாவது பாஸ் பண்ணினாலே பந்தி போடுவோம்.)

மகசேசே விருது (2005), பத்ம விபூஷண் (2016) எல்லாம் எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பெரிசாத் தெரியறது அவங்க உட்கார்ந்த மீட்டிங்குகள்தான். அரசாங்கத்துக்கிட்ட திரும்பத் திரும்பப் போய், மருந்துக்குச் சுங்க வரி ஏன், நோயாளி ரயிலுக்கு ஏன் முழு டிக்கெட் எடுக்கணும்னு நின்ன கூட்டத்துல இந்த இன்ஸ்டிட்யூட்டும் உண்டு. கேக்க சப்பைன்னு தோணும். எங்க அத்தையைக் கேட்டா தெரியும்.

2014 தை மாசம். நன்னிலத்துல சம்பா அறுப்பு. அத்தைக்கு கர்ப்பப்பைவாய்ல கேன்சர், அடையாறுல 25 கரண்ட் வைக்கணும்னு சொல்லிட்டாங்க. (கதிர்வீச்சுக்கு எங்க பக்கம் கரண்ட்னுதான் பேரு.) திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் தினம் ஒண்ணு, சனி ஞாயிறு லீவு. மொத்தம் அஞ்சு வாரம். பத்து முடிஞ்சதும் மாமா ஆரம்பிச்சார்: "ஏம்மா, அறுப்பை முடிச்சுட்டு வந்து மிச்சத்தை வச்சுக்கலாமே. மிஷினுக்கு ஆள் பிடிக்கணும், நெல்லு சாஞ்சு கெடக்கு."

நடுவுல விட்டா, மிச்சமிருக்கற புத்து மறுபடி வளர ஆரம்பிச்சுடும், முன்னாடி வச்ச பத்தோட பலனும் குறைஞ்சுடும். நர்ஸம்மா இதைச் சொன்னாங்க, மாமாவுக்கு ஏறலை. கடைசில அவரை அசைச்சது டிக்கெட்டுதான். ஆஸ்பத்திரி எழுதிக் குடுத்த பேப்பரைக் காட்டினா நோயாளிக்கு ஸ்லீப்பர்ல காசே கிடையாது, கூட வர்றவங்களுக்குக் கால்பங்கு. "நீ மட்டும் மாயவரம் வரைக்கும் ரயில்ல போய் அறுப்பைப் பாரு, நான் தங்கச்சியோட இங்கயே கெடக்கேன்"னு அத்தை சொல்லிட்டா. கெடந்தா. சனிக்கிழமை சாயந்திரம் பெசன்ட் நகர் பீச்சுல சுண்டல், அவ்வளவுதான் பொழுதுபோக்கு. 25ம் முடிஞ்சுது. இன்னிக்கும் திண்ணைல உட்கார்ந்து எல்லாரையும் அதட்டிக்கிட்டிருக்கா.

அத்தை டாக்டர் சாந்தாவைப் பார்த்ததேயில்லை. பேரு கூடத் தெரியாது!

ஆராய்ச்சின்னா மைக்ராஸ்கோப்னு நினைக்கறோம். சாந்தாவோட ஆஸ்பத்திரி 1980களோட ஆரம்பத்துலேர்ந்து செஞ்சது எண்ணறது. சென்னைல யாருக்கு என்ன கேன்சர்னு ஆளுங்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போய்க் குறிச்சாங்க. அப்போ பெண்கள்கிட்ட கர்ப்பப்பைவாய்ப் புற்றுதான் முதல்ல நின்னுது. வருஷம் போகப் போக அது இறங்கி, மார்பகப் புற்று மேலே ஏறிடுச்சு. 2012ல இந்தக் கணக்கு தமிழ்நாடு முழுக்க விரிஞ்சுது. நம்ம திருவாரூர் மாவட்டமும் அதுல வந்துடுச்சு. பேரில்லாத ஒரு கோடா அத்தையும் அந்த நோட்டுல எங்கேயோ இருப்பான்னு நினைக்கறேன்.

2021 ஜனவரி 19, சாந்தா போனாங்க, 93 வயசு. செவ்வாய்க்கிழமை. அன்னிக்கும் அடையாறுல கரண்ட் வைக்கற நாள்தான்.