உப்பைத் தட்டும் நேரம்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் ஊசி உடைந்தால் புது ஊசி உடனே கைக்கு வராது. சிதறிய துண்டுகளைத் தேடியெடுத்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். அவை சேர்ந்து முழு ஊசி ஆனால்தான் மாற்று ஊசி. "முனை கிடைக்கலன்னா அந்த மெஷின்ல இருந்த ஷூ மேல்பாகத்தையெல்லாம் தனியா எடுத்து வெச்சிடுவோம் சார், காந்தம் வெச்சுத் தேடுவோம்" என்றார் லைனைக் கவனிக்கும் அக்கா. எங்கோ ஓர் ஊரில் ஒரு குழந்தையின் காலில் அந்த முனை ஏறிவிடக் கூடாது.

நான் பார்க்கப் போனது, ஜப்பானியத் தொழிற்சாலைகளிலிருந்து வந்த 'ஃபைவ் எஸ்' ஒழுங்குமுறையை. தரையில் மஞ்சள் கோடுகள், தோல் வெட்டும் அச்சுகளான டைகளுக்கு அளவு எண்ணோடு ரேக், கருவிகளின் உருவம் வரைந்த பலகை. எட்டாம் நம்பர் இடதுகால் டை காணவில்லை என்றால் அந்த வெற்றிடமே காட்டிக்கொடுத்துவிடும். இதில் பாதி, ஆர்டர் கொடுப்பவர் அனுப்பும் ஆடிட்டருக்கான அலங்காரம் என்றே எனக்குத் தோன்றியது. ஊசிப் பதிவேடு அப்படியல்ல. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு: தேடும் நேரத்தில் தைக்கும் பெண்ணின் டார்கெட் குறையும். அதற்காகத் திட்டு விழும் லைனில், முனையைத் தேடாமலே விட்டுவிடத்தான் யாருக்கும் தோன்றும். இங்கே அந்த நிமிடங்களை லைன் கணக்கில் கழித்துவிடுகிறார்கள்.

வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் டேனரி ஒன்றுக்குப் போனபோது இதே கணக்கு வேறு உருவில் வந்தது. அங்கே வரும் பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டது. 100 கிலோ தோலுக்கு 40 கிலோ, சில சமயம் அதற்கு மேலும் உப்பு. அப்படியே ஊறப் போட்டால் தோலில் ஒட்டியிருக்கும் உப்பு கழிவுநீரில் கரையும். தோல் பதனிடப் போடும் குரோமியத்தைக் கழிவுநீரிலிருந்து மீட்டெடுக்க வழி இருக்கிறது. கரைந்த உப்பைப் பிரிப்பதோ சவ்வுகளில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்கும் வேலை, எரிபொருளை விழுங்கும். அதனால்தான் ஊறப் போடும் முன்பே தோலை மேசைமேல் விரித்து, உதறி, தட்டி, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளுகிறார்கள். "தண்ணில வுட்டுட்டா அப்புறம் புடிக்க முடியாது தம்பி" என்றார் தட்டிக்கொண்டிருந்த பெரியவர். பல கோடியில் கட்டிய சுத்திகரிப்பு நிலையத்தின் சுமை இந்தத் துடைப்பத்தடியில் குறைகிறது.

டேனரிக் கழிவுநீரால் பாலாறும் அதைச் சுற்றியுள்ள கிணறுகளும் கெட்ட கதை புதிதல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின, கழிவுநீரை வெளியே விடக் கூடாது என்ற கட்டுப்பாடும் வந்தது. ஆனாலும் பிரித்தெடுத்த கழிவு எங்காவது குவியத்தானே வேண்டும்? 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். குப்பையை ஒரு மூலைக்குத் தள்ளுவதைச் சுத்தம் என்று நினைக்கும் பழக்கம் வீட்டோடு நிற்பதில்லை.

நான் போன டேனரியில் தட்டிய உப்பு, ரத்தமும் முடியும் கலந்து பழுப்பேறி, கொட்டகைக்குள் மூட்டை மூட்டையாக இருந்தது. கூரை வேண்டும், மழை பட்டால் தட்டியது வீண். அந்த மூட்டைகள் எங்கே போகும் என்று கேட்டதற்கு மேலாளர் தெளிவாகப் பதில் சொல்லவில்லை.

பெரியவரிடம் கூலி பற்றிக் கேட்டேன். எத்தனை தோல் நகர்த்தினாரோ அத்தனைக்குத்தான் காசு. உதிர்ந்த உப்பை யாரும் எடை போடுவதில்லை. நன்றாகத் தட்டினால் நாள் கூலி குறையும். லாரி வந்து நிற்கும் நாளில் ஒவ்வொரு தோலையும் ஓர் உதறு உதறிவிட்டு அடுத்ததை எடுப்பதாக அவரே சொன்னார்.